எண்ணெய் இருந்தால் போதுமா?

1

கனடாவில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊர்க்காரர்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். எண்ணெய்க் கிணறுகளை மூடுகிற வேலை. "தோண்டுறதா?" என்று கேட்பார்கள். இல்லை, மூடுவது. "மூடுறதுக்கும் ஆள் வச்சு சம்பளம் குடுக்குறானா?" என்று சிரிப்பார்கள். கொடுக்கிறான் ஐயா. முதல் ஒன்பது வருஷம் தோண்டினேன், இப்போது ஏழு வருஷமாக மூடுகிறேன். இரண்டிலும்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

நான் இரத்தினபுரிப் பக்கம் றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். கட்டாரில் நான்கு வருஷம் குழாய் தூக்கிவிட்டு, அங்கிருந்து ஒரு ஏஜென்சி மூலம் அல்பேர்ட்டா மாகாணத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே கோதுமை வயல்களுக்கு நடுவில் பழைய எண்ணெய்க் கிணறுகள் இரும்புக் குழாயை நீட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய் வற்றியிருக்கும், தோண்டிய கம்பனி முறிந்து போயிருக்கும், முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் நாலு பேர் லொறியோடு போய், குழாய்க்குள் சீமெந்தை இறக்கி, கலப்பை படாத ஆழத்தில் குழாயை வெட்டி, ஒரு தகட்டை வைத்து ஒட்டி, மண்ணைத் தள்ளிவிட்டு வருவோம். வயற்காரன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்பான். எங்களுக்கு ஒரு கோப்பி கொடுக்கக்கூட அவனுக்கு மனசு வராது, அவ்வளவு எரிச்சல். அவனைக் குறை சொல்ல முடியாது.

இந்த ஜூன் மாதம் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. "என்னாங்க, கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காருங்க" என்று என் மனைவி புஷ்பா பத்துத் தடவை சொல்லிவிட்டாள். காரணம் இரண்டு. ஒன்று, அம்மாவின் நான்காம் ஆண்டுத் திதி. இன்னொன்று, ஒரு கடிதம்.

அம்மா செத்தது நாடு முழுக்க எரிபொருள் வரிசையில் நின்ற அந்த வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறாள். தம்பி லோகு ஓட்டுகிற முச்சக்கர வண்டி எங்கள் வரிசை வீடான லயத்துக்கு முன்னாலேயே நின்றது, தாங்கியில் ஒரு சொட்டு இல்லை. அவன் போத்தலைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் கடன் கேட்கப் போனான். திரும்பி வரும்போது அம்மா இல்லை. "பெற்றோல் இல்லண்ணே, கொண்டு போக ஏலாமப் போச்சு" என்று தொலைபேசியில் சொன்னான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கு முந்திய பகல் முழுக்க நான் கையில் ஒட்டிய கிறீஸைப் போக்குவதற்கு வாளி வாளியாக டீசலில் கை கழுவியிருந்தேன்.

ஒரு லீற்றர் பெற்றோல் இல்லாமல் என் அம்மா செத்துப்போனாள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான்கு வருஷமாக எல்லோருடனும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். மன்னார்க் கடலுக்கடியில் எரிவாயு இருக்கிறது, எண்ணெயும் இருக்கலாம் என்று எவ்வளவோ காலத்துக்கு முன்பே துளை போட்டுப் பார்த்துச் சொன்னார்கள். இன்னும் ஒரு வீட்டு அடுப்புக்கும் அது வந்து சேரவில்லை. ஏன் எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அம்மா இருந்திருப்பாளே என்பது என் கட்சி.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. மன்னார்ப் பக்கம் எண்ணெய் தேட உத்தேசித்திருக்கும் ஒரு கம்பனிக்கு, தோண்டும் தொழில் தெரிந்த தமிழ் ஆள் ஒருவர் வேண்டுமாம். கடலோர ஊர்களுக்குப் போய் மீன்பிடிக்கிற சனங்களோடு பேச வேண்டும். இரண்டு வருஷ ஒப்பந்தம். மாதத்தில் ஒரு வாரம் விடுமுறை, பஸ் ஏறினால் றக்வான. கடிதத்தை மூன்று தடவை வாசித்துவிட்டு லோகுவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"வந்துருங்கண்ணே, யோசிக்காதீங்க. அம்மா இருந்த காம்பரா சும்மாதான் கெடக்கு. வெள்ளையடிச்சு வைக்கிறேன்" என்றான். அவன் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டுப் பல வருஷம்.

2

வேலை வேண்டுமென்றால் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். கனடாவில் செத்தவனும் ஒரு படிவம் நிரப்பிவிட்டுத்தான் படுப்பான்.

பிறந்த இடம், வீட்டு இலக்கம், வீதியின் பெயர். எங்கள் வீட்டுக்கு வீதியும் இல்லை, இலக்கமும் இல்லை. கீழ்ப் பிரிவு, நாலாம் லயம், ஏழாம் காம்பரா. அப்படியே போட்டேன். கணினி சிவப்பில் காட்டியது, வீதியின் பெயர் வேண்டுமாம். கடைசியில் எரிச்சலில் "தேயிலை" என்று போட்டேன், ஏற்றுக்கொண்டது. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, கடவுச்சீட்டில் இன்னொரு மாதிரி. தோட்டத்துக் கிளாக்கர் ஐயா அந்தக் காலத்தில் தன் காதில் விழுந்தபடி எழுதினது. இருவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியம் செய்து ஒரு கடதாசி, அதை உறுதிப்படுத்த இன்னொரு கடதாசி.

மொழி என்ற இடத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று போட்டேன். நேர்முகம் எடுத்த பெண்ணுக்கு ஒரே மகிழ்ச்சி. "அந்த ஊர் மக்களின் மொழியையே பேசுகிறீர்கள்!" என்றாள். நான் எங்கே அந்த ஊர் மொழி பேசினேன்? ரொறொன்ரோவில் ஒரு கல்யாண வீட்டில் நான் வாயைத் திறந்ததும் பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா, "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டார். "இல்லீங்க, இரத்தினபுரி" என்றேன். "அங்கயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினேன். மன்னாரில் போய் நின்று "நாங்க வந்திருக்கோங்க" என்றால் அவர்களும் என்னை ஏற இறங்கத்தான் பார்ப்பார்கள். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

கடைசி வேலை ஒன்று கொடுத்தாள். ஐந்து நிமிஷம் தமிழில் பேசி ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டும். சொந்த நாட்டில் எண்ணெய் தேடுவது ஏன் நல்லது என்று மீனவர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும்.

3

என் மகள் திவ்யாவுக்குப் பத்தொன்பது வயது. எட்மன்டனில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆறு வயதில் இங்கே வந்தவள், தமிழில் சாப்பாடு கேட்பாள், தமிழில் கொஞ்சுவாள், கோபப்பட மட்டும் தமிழ் தெரியாது. கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், நான் பின்னாலேயே ஓட வேண்டும். எண்ணெய் என்றாலே அவளுக்கு ஆகாது. காட்டுத்தீப் புகை எங்கள் ஊர் வானத்தை மறைத்த கோடையில், "இதுக்கு நீங்களும் காரணம் அப்பா" என்று சொன்னவள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அவள் ஆங்கிலத்துக்குப் போகவில்லை. சொற்களைத் தேடித் தேடித் தமிழிலேயே பேசினாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, நீங்க மூடுற ஆள். இப்ப போய் தொறங்கன்னு சொல்லப் போறீங்களா?"

"நாடு கஷ்டத்துல இருக்கும்மா. ஒனக்குத் தெரியாது."

"நீங்க மூடுற கிணத்துக்கெல்லாம் ஓனர் எங்க? ஓடிட்டாங்க. அதே மாதிரி கடல்ல விட்டுட்டு ஓடினா? நீங்க படகுல போய் மூடுவீங்களா?"

"நீ யூனிவர்சிட்டிக்குப் போற பஸ் எதுல ஓடுது? தண்ணியிலயா?" என்று கத்தினேன். "எண்ணெ வேணாம்னு சொல்ல ஒனக்கு வாயிருக்கு. பெற்றோல் வரிசையில நின்னவன்தான் அதப் பத்திப் பேசணும்."

"நீங்களும் வரிசையில நிக்கல, அப்பா" என்றாள்.

புஷ்பா அடுப்படியிலிருந்து, "போதும், ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள். நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஒரு காரணமும் இல்லாமல் வாகனத்தைக் கழுவினேன். பெற்ற பிள்ளை சொல்வது சரியென்று தெரிந்தும் ஒத்துக்கொள்ள முடியாமல் நிற்பது எரிச்சலான காரியம்.

4

அந்த வாரம் முழுக்க வேலைத்தலத்திலும் இதே யோசனைதான். சீமெந்து இறங்கி இறுகும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை, யோசிக்கத் தாராளமாக நேரம் உண்டு.

என் கட்சிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. கையில் டொலர் இல்லையென்று கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நிற்க, உள்ளே சனம் வெயிலில் வரிசையில் விழுந்து செத்ததே. வீட்டுக்குள்ளேயே எண்ணெய் இருந்தால் அந்தக் கப்பலை ஏன் கெஞ்ச வேண்டும்? வேலை வரும், ரோடு வரும். நானே சாட்சி. தோட்டத்தில் கொழுந்து பறித்தவளின் மகன் எண்ணெயால்தான் வீடு வாங்கினேன், மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் அவள் எண்ணெய் கூடாது என்று படித்துவிட்டு வந்து என்னையே கேள்வி கேட்கிறாள்.

ஆனால் தொழில் தெரிந்தவன் தன்னையே ஏமாற்றிக்கொள்ள முடியாது. ஆழ்கடலில் தேடிக் கண்டுபிடித்து எடுத்துக் கரைக்குக் கொண்டுவரப் பல வருஷம் செல்லும். நான் வேலை செய்தவற்றிலேயே எத்தனை கிணறுகள் வெறுமனே வறண்டு கிடந்தன. கிடைப்பது எரிவாயுவாக இருந்தால் அதை அப்படியே முச்சக்கர வண்டியில் ஊற்ற முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த அல்பேர்ட்டாவில் எண்ணெய்க்கு மேலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறோம், பம்பில் கொடுப்பது உலக விலைதான். உலகத்தில் விலை விழுந்தால் உடனே வேலையிலிருந்து நிறுத்துவான். எனக்கே அப்படி இரண்டு தடவை நடந்தது. இரண்டாந்தடவை புஷ்பா முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை செய்துதான் குடும்பம் நடந்தது.

ஒரு வயற்காரன் ஒருநாள் என்னிடம் சொன்னான். மேல் மண் அவனுடையதாம், அடியில் இருக்கிற எண்ணெய் அரசாங்கத்தினுடையதாம், துளை போட்ட கம்பனிக்காரன் ஓடிப்போனதும் குழாய் மட்டும் அவன் தலையில் விழுந்ததாம். மேல் மண்கூடச் சொந்தமில்லாத ஊரிலிருந்து வந்தவன் நான் என்று அவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் பேச்சை எழுத உட்கார்ந்தேன். கணக்குப் பார்த்து எழுதினால் அது ஒரு பக்கமும் சாயவில்லை. அதனால் அம்மாவைக் கொண்டுவந்து முதல் வரியில் வைத்தேன். அதற்குப் பிறகு பேனா தானாக ஓடியது.

5

அங்கே ஞாயிறு காலை, இங்கே சனிக்கிழமை சாயங்காலம். ஜூன் மாதம், வெயில் இறங்கவே இல்லை. லோகு திதி முடித்து, படையல் போட்டு, காக்கைக்கும் வைத்துவிட்டு, ரோட்டு வளைவில் முச்சக்கர வண்டியை நிறுத்தி அதற்குள் உட்கார்ந்திருந்தான். அந்த வளைவில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். வண்டி ஓட்டம் இல்லாத நாட்களில் பள்ளத்தில் இருக்கும் மாணிக்கக் குழியில் பங்குக்கு வேலை செய்கிறான். நகக்கண்ணில் சேறு அப்படியே இருந்தது.

"ஒரு பேச்சு எழுதியிருக்கேன்டா. நீதான் மீன்பிடிக்கிற ஆளுன்னு நெனச்சுக் கேளு."

"நான் மீன்காரனா? சரி, சொல்லுங்க."

வாசித்தேன். "என் பெயர் சந்திரன். நான் றக்வானத் தோட்டத்துப் பிள்ளை. என் அம்மா ஒரு லீற்றர் பெற்றோல் இல்லாமல் செத்தாள். நம் கடலுக்கடியில் எண்ணெய் இருக்கும்போது நம் அம்மாக்கள் இப்படிச் சாகலாமா?"

அவன் முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். "லோகு, கேக்குதா?"

"கேக்குது. அப்புறம்?"

மீதியையும் வாசித்தேன். வேலை, ரோடு, ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் படிப்பு. வாசித்து முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. எலெக்‌ஷனுக்கே நிக்கலாம்" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்க ஆரம்பித்தான்.

"பங்கு எப்படிண்ணே? எங்க குழியில காணிக்காரருக்கு இவ்வளவு, லைசன் வச்சிருக்கவருக்கு இவ்வளவு, தண்ணி பம்புக்காரருக்கு இவ்வளவு, எறங்கி வெட்டுற எங்களுக்கு இவ்வளவுன்னு வெட்ட முந்தியே பேசிருவாங்க. மன்னாரு ஆளுங்களுக்கு என்னா பங்கு?"

"அது அரசாங்கமும் கம்பனியும் பேசுறது."

"சரி. கழுவுற அன்னைக்கு அவங்க நிப்பாங்களா?"

ஊருக்கு வெளியே இருக்கிறவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கக் குழியிலிருந்து எடுக்கிற கல்மண்ணை உடனே கழுவ மாட்டார்கள். குவித்து மூடி வைத்து, ஒரு நாள் குறித்து, பங்காளிகள் எல்லோரும் சுற்றி நிற்கும்போதுதான் கூடையில் அள்ளித் தண்ணீரில் கழுவுவார்கள். ஒரு பங்காளி வரவில்லையென்றால் மற்றவர்கள் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கூடையில் என்ன கிடந்தது என்பதை எல்லோர் கண்ணும் பார்க்க வேண்டும், அதுதான் அங்கே சட்டம்.

"கடலுக்கடியில எங்கடா போய் நிக்கிறது?" என்றேன்.

"அப்ப எவ்வளவு வந்துச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடதாசியில காட்டுவாங்க."

"கடதாசியிலயா" என்று அவன் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, என்னைப் பார்த்துப் பாவப்பட்ட சிரிப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நீதானடா தோண்டணும் தோண்டணும்னு என்னையவிடக் கத்துனவன். இப்ப என்னா கேள்வி கேட்டுக்கிட்டு?"

"தோண்டட்டும்ணே, நான் வேணாங்கலையே. நீங்க வரணும். அதுக்காக அவன் எங்க தோண்டினாலும் எனக்குச் சரிதான்." வெளியே ரோட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்க்காமலே பேசினான். "ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த மொத வரிய மட்டும் எடுத்துருங்க."

"ஏன்? அதுதான்டா பேச்சே."

"அது சரியில்ல."

"எது சரியில்ல? அம்மா சாகலையா?"

"செத்துச்சு. எண்ணெ இல்லாம சாகல."

6

அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னைக்கு ஞாயித்துக்கெழம. ஆனாலும் அன்னன்னைக்குக் கைக்காசு குடுத்துக் கொழுந்து எடுத்தாங்க. நான் போத்தல எடுத்துக்கிட்டு எறங்கி ஓடுறேன். அந்தா அந்தப் பாலத்துக்கிட்ட போறப்ப கொழுந்து லொறி வந்துச்சு. கொழுந்த ஏத்திக்கிட்டு பெக்டரிக்குப் போகுது, டவுன் பக்கந்தான். தோட்டத்துக்கு டீசல் பெர்மிட் இருந்துச்சுண்ணே. நாடே நின்னப்பவும் கொழுந்து லொறி நிக்கல. ஆஸ்பத்திரியத் தாண்டித்தான் பெக்டரி."

"நீ என்னா செஞ்ச?"

"ரோடு சின்னதுதானே. ஓரமா ஒதுங்கி வழி விட்டேன்."

அவனே மேலே சொன்னான்.

"துண்டு இல்லண்ணே என்கிட்ட. ஆபீஸ் பூட்டு. மருந்துக்கார ஐயா வீட்டுல இல்ல. துண்டு இல்லாம லொறிய எப்படிக் கேக்குறது? கேக்கணும்னே தோணல, சாமி சத்தியமா. போனதுக்கு அப்புறம் போத்தலோட பாலத்துல நிக்கிறப்பதான் தோணிச்சு. பின்னாலயே ஓடினேன், வளைவு தாண்டிருச்சு."

துண்டு என்றால் என்னவென்று தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயாளியைத் தோட்டத்து லொறியில் ஏற்றுவதானால் மருந்துக்காரர் எழுதி, ஆபீசில் கையெழுத்து வைத்துக் கொடுக்கிற சின்னக் கடதாசி அது. பிள்ளைத்தாய்ச்சி வலியில் துடித்தாலும் புருஷன் முதலில் துண்டு வாங்கத்தான் ஓடுவான். நானும் லோகுவும் பிறந்தபோது எங்கள் அப்பாவும் அப்படி ஓடியவர்தான். லோகு தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறவன்கூட இல்லை, சொந்தமாக முச்சக்கர வண்டி ஓட்டுகிறவன். எம்பிலிப்பிட்டிய டவுனில் பொலிஸ்காரனோடு சிங்களத்தில் வாதாடி வெல்கிறவன். அவனுக்கும் அந்த நிமிஷத்தில் கை எழும்பவில்லை.

"நாலு வருஷமா ஏன்டா சொல்லல?" என்று கத்தினேன். புஷ்பா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள்.

"நான் 'பெற்றோல் இல்ல'ன்னேன், நீங்க 'பெற்றோல் இல்லாமயா'ன்னு கேட்டு அழுதீங்க. நானும் ஆமான்னுட்டேன். அது லேசா இருந்துச்சு. நாட்டு மேல போட்டுட்டா எனக்குத் தூக்கம் வந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "இப்ப நீங்க அத மன்னாருல போய் மேடையில சொல்லப் போறேங்குறீங்க. அம்மாவ வச்சுப் பொய் சொல்ல வேணாம்ணே. மத்ததெல்லாம் சொல்லுங்க. ஆனா வாங்க. வராம இருந்துராதீங்க."

எனக்கு அவன் மேல் அப்படியொரு ஆத்திரம். அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். திவ்யா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எழுந்து வந்து என்னோடு நடந்தாள். மூன்றாவது சுற்றில், "அப்பா, நீங்களா இருந்தா நிப்பாட்டியிருப்பீங்களா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். கிணற்றுக்குப் பக்கத்தில் போவதற்கே அனுமதித் தாளில் மூன்று கையெழுத்து வாங்கிவிட்டுக் கால் வைக்கிறவன் நான். பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தாள் இல்லாமல் உள்ளே போனதில்லை. அதற்காக எனக்குப் பரிசு வேறு கொடுத்திருக்கிறார்கள்.

"இல்லம்மா" என்றேன்.

7

திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குவதற்கு முன் வாகனத்துக்குள் இருந்து ஒலிப்பதிவு செய்தேன். எழுதி வைத்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். வாய்க்கு வந்ததைப் பேசினேன். அதன் கடைசிப் பகுதி இது:

"தோண்டலாமா வேண்டாமா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வராது, நான் சாப்பிட்டது அதில்தான். எண்ணெய் வந்தால் கஷ்டம் தீரும் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. என் அம்மா செத்த அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் டீசல் இருந்தது. அது கொழுந்துக்கு இருந்தது, எங்கள் அம்மாவுக்கு இருக்கவில்லை. உங்கள் கடலில் எண்ணெய் எடுக்க வருகிறவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எங்கள் பங்கு என்ன? எடுப்பதை நாங்கள் கண்ணால் பார்க்கலாமா? நீங்கள் போன பிறகு குழியை மூடுவது யார்? பதிலை எழுதி வாங்குங்கள். அவர்கள் எழுதித் தரத் தயங்கினால், தோண்டுவது யாருக்கு என்று உங்களுக்கே விளங்கிவிடும்."

அனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். வியாழக்கிழமை இரண்டு வரியில் பதில் வந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள்.

பெரிய நியாயவாதி மாதிரிப் பேசிவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குள் ஒரு திமிர் இருந்தது. கொழுந்துக்கு இருந்தது, எங்களுக்கு இருக்கவில்லை. எவ்வளவு அழகாகச் சொன்னேன்! குற்றவாளி யாரென்று கண்டுபிடித்தாகிவிட்டது, பெற்றோல் அல்ல, தோட்டம்தான். அந்தத் திமிரோடுதான் சாயங்காலம் லோகுவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"வேலை இல்லன்னுட்டாங்கடா" என்றேன்.

"பரவால்லண்ணே" என்றான். "வெள்ளையடிச்சது அடிச்சதாவே இருக்கட்டும்."

பேச்சை மாற்றத்தான் கேட்டேன். "அந்த லொறிக்காரன் யாருடா? தோட்டத்துக்குப் புதுசா வந்தவனா?"

"இல்லண்ணே. நம்ம மேல் லயத்து தங்கவேலு அண்ணன்தான்."

தங்கவேலு அண்ணன் எங்கள் அம்மா கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவர்.

"அவரா? நீ கை காட்டியிருந்தா?"

"நிப்பாட்டியிருப்பாரு."

"துண்டு இல்லாட்டியும்?"

"மறுநாள் அவருதான் பாடைக்கு மொத ஆளா தோள் குடுத்தாரு. பொதைச்சிட்டு வர்றப்ப என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. 'ஒன்னயப் பாலத்துல பாத்தேனேடா தம்பி, கையில போத்தலோட. ஏண்டா ஒரு கை காட்டல?'ன்னு."

"நீ என்னா சொன்ன?"

"'துண்டு இல்லையேண்ணே'ன்னு சொன்னேன்."